இடப்பக்க மூக்குத்தி

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் அண்ணாச்சி. எனக்கு வெயில் முகத்தில் அடித்தால் தலை விண்விண் என்று தெறிக்கும். ராத்திரி வேலைக்காரன். பகல் பஸ்ஸில் ஏறி எத்தனையோ காலமாகிறது. வாட்ச்மேனா? இல்லை, எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள். கண்ணைப் பார்த்தால் அப்படித் தெரிகிறது போல.

கல்யாண ஆல்பம் வேலை. போட்டோ எடுக்கிறவன் இல்லை, எடுத்ததைச் சரிபண்ணுகிறவன். நாலு ஜில்லாவிலிருந்து ஸ்டுடியோக்காரர்கள் அனுப்புவார்கள். மாப்பிள்ளை கண்ணை மூடியிருந்தால் திறந்துவிட வேண்டும். பெண்ணுக்கு நிறம் ஏற்ற வேண்டும். பந்தியில் எச்சில் இலை தெரிந்தால் எடுக்க வேண்டும். மேடைக்குப் பின்னால் மண்டபத்துக்காரன் தொங்கவிட்ட கைலி தெரிந்தால் அதையும் எடுக்க வேண்டும். யாரிடமும் படித்தது கிடையாது. போட்டோஷாப்பைத் திறந்துவைத்து, ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி, இது என்ன பண்ணும், அது என்ன பண்ணும் என்று நானாகப் பழகினேன். பகலில் கரண்டும் நிலைக்காது, ஆட்களும் உட்கார்ந்து வேலை பார்க்க விட மாட்டார்கள். அதனால் ராத்திரி. அப்படியே தூக்கம் போய்விட்டது. போகட்டும்.

இப்போது சங்கரன்கோவிலுக்குப் போகிறேன். எங்கள் அக்கா வீட்டுக்கு. தங்கபுஷ்பம் என்று பேர். ஏன் போகிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், சங்கரன்கோவில் வரைக்கும் நேரம் போக வேண்டும் இல்லையா.

எல்லாரும் என்மேல்தான் சொல்கிறார்கள் அண்ணாச்சி. என் வீட்டுக்காரியே சொல்கிறாள். நீங்கள் மூன்றாம் மனிதர், கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், இதில் நான் என்ன தப்புப் பண்ணினேன்?

எங்கள் அக்கா தன் மகள் கல்யாணத்தில் மேடையில் நின்றது ஒரே ஒரு போட்டோவில்தான். ஒன்றே ஒன்று. அந்தப் போட்டோவைப் பற்றித்தான் இவ்வளவும்.

மகள் பேர் கோமதி. அவள் எட்டாவது படிக்கும்போது எங்கள் அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா தையல் மிஷினை மிதித்து அவளைப் படிக்கவைத்தாள். போன தையில் தென்காசிப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல இடம். பையன் மகாராஜன், வாய் திறந்து ஒரு வார்த்தை அதிகம் பேச மாட்டான். அவன் அம்மா செண்பகவல்லி அவனுக்கும் சேர்த்துப் பேசுவாள். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். கேட்டுக்கொள்ளுங்கள், அவளும் கெட்டவள் இல்லை.

அக்கா மேடை ஏறக்கூடாதே. நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா. தாரை வார்க்க நானும் என் வீட்டுக்காரியும்தான் உட்கார்ந்தோம். தாய்மாமன் என்ற முறைக்கு அதுவும் சேர்ந்துகொண்டது. ஆல்பத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் நான்தான் நிற்பேன். பட்டுவேட்டி, சந்தனம், மாலை. பெற்ற அப்பன்கூட அவ்வளவு போட்டோவில் நின்றிருக்க மாட்டான். அக்கா அந்த நேரமெல்லாம் சமையல்கட்டில் நின்று வடைக்கு ஆள் போதவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். "நீ போயி நில்லுடா, எனக்கு இங்க சோலி கெடக்கு" என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்கு அப்படித்தான் கேட்டது.

தாலி கட்டி முடிந்து சனம் பந்திக்கு இறங்கிவிட்டது. மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் சும்மா நிற்கிறார்கள். கோமதி கூப்பிடுகிறாள்: "எம்மா, இங்க வா. ஒரு நிமிசம் வா." அக்கா கரண்டியோடு நிற்கிறாள். "ஏட்டி, சும்மா இரு." "நீ வரலைன்னா நான் எறங்கி வாரேன்." மாலையும் கழுத்துமாக அவள் இறங்கக்கூடாது என்று இவள் ஓடிப்போய் ஏறிவிட்டாள். ஏறி, பிள்ளை கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். படபடவென்று அத்தனை விரலும் முறிந்தது. அடுப்படியில் நின்ற எனக்கே கேட்டது. கோமதி அந்தச் சத்தத்துக்குச் சிரித்தாள் பாருங்கள், வாய்கொள்ளாத சிரிப்பு. போட்டோக்காரப் பையன் யாரும் சொல்லாமலே அடித்துவிட்டான். அவ்வளவுதான். அக்கா இறங்கி வந்துவிட்டாள்.

ஆல்பம் என் சீர். தாய்மாமன் ஆல்பக்காரனாக இருந்தால் வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? இரண்டு ஆல்பம். பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று. படங்களைச் சம்பந்தியம்மாளுக்குச் செல்லில் அனுப்பினேன். மறுநாளே போன்.

"தம்பி, அந்தச் சிரிக்கிற போட்டா இருக்குல்லா, அதான் மொதப் பக்கம். புள்ளை மத்ததுலல்லாம் மொறைச்சிக்கிட்டு நிக்கா. அதுல மட்டுந்தான் மகாலட்சுமி கணக்கா இருக்கா."

"போட்டுரலாம்மா."

"போடுங்க. ஆனா தம்பி... தப்பா எடுத்துக்கிடப்படாது. மதினி நல்ல மனுசி. எனக்கு ஒரு இதுவும் கிடையாது. மொதப் பக்கம் பாருங்க. வாரவுக போறவுக மொதல்ல தொறக்குறது அதைத்தான்."

அக்காவை எடுத்துவிடச் சொல்கிறாள், புரிந்தது. கல்யாணமாகிப் போன வீடு. நம்ம பிள்ளை அங்கே இருக்கிறது. இந்த மாதிரி வேலை எனக்குப் புதுசும் இல்லை அண்ணாச்சி. வருகிற ஆல்பத்தில் பாதியில் யாராவது ஒருத்தரை எடுக்கச் சொல்லித்தான் குறிப்பு வரும். சண்டைபோட்ட சித்தப்பா, பாக்கி வைத்த மச்சினன், வெள்ளைச் சேலை அத்தை. எடுப்பேன். யார் எவர் என்று கேட்க மாட்டேன். கேட்டால் வேலை ஓடாது.

ஆனாலும் கோமதியிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டேன். "அம்மாவுக்குத் தெரியுமா மாமா?" என்றாள்.

"அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்."

"சரி மாமா. நீங்க இருக்கீகள்லா."

பார்த்தீர்களா? சரி என்றுதான் சொன்னாள். பிள்ளையே சரி என்ற பிறகு நான் யார்?

அக்காவை எடுப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. பின்னால் வாழைமரமும் பூ அலங்காரமும். பக்கத்துப் பூவை எடுத்து அங்கே நிரப்பிவிட்டேன். சேலை ஓரம்கூடத் தெரியாது. ஆனால் பாருங்கள், கோமதி சிரிக்கிறது பக்கவாட்டில். அந்தப் பக்கம் ஆள் இல்லை. மண்டபத்துத் தூண்தான் இருக்கிறது. தூணைப் பார்த்து ஒரு கல்யாணப் பெண் அப்படிச் சிரித்தால் எப்படி இருக்கும்? சம்பந்தியம்மாளுக்கு அனுப்பினேன். மாப்பிள்ளையின் தங்கச்சி ஒரு வாயாடி, போனுக்குப் பின்னாலிருந்து அவள் குரல்தான் முதலில் கேட்டது: "எம்மா, மதினி தூணுக்கா வாக்கப்பட்டிருக்கா?" என்று ஒரே கெக்கலிப்பு.

சம்பந்தியம்மாள் யோசித்துவிட்டுச் சொன்னாள், "தம்பி, அந்த எடத்துல என்னையே நிப்பாட்டிரலாமே? மாமியாளும் மருமவளும் சிரிச்ச மாதிரி இருக்கும். பாக்க அம்சமா இருக்கும்."

அம்சமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது. ஆனால் அதற்கு நான் பட்ட பாடு! அவள் நின்ற படம் ஒவ்வொன்றும் ஒரு கோலம். தாம்பூலப் பை கொடுக்கிற படத்தில் கை நீட்டியிருந்தாள், பையை எடுத்துவிட்டு உடம்பை அதிலிருந்து எடுத்தேன். முகம் சரியில்லை, யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். சிரித்த முகம் ஒன்று வேறு படத்தில் கிடைத்தது. ஆனால் அது எதிர்ப்பக்கம் பார்த்தது. அதைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திருப்பிப் போட்டேன். மேடை விளக்கு மஞ்சள், அதற்கு ஏற்ற மாதிரி மஞ்சள் பூசி, கழுத்தில் நிழல் கொடுத்து, கோமதி தோளில் அவள் நிழல் விழுகிற மாதிரியும் செய்தேன். அந்த நிழலை யாரும் பாராட்டவில்லை. சரி, பாராட்டு எதிர்பார்த்தா செய்கிறோம்.

அக்காவுக்கு? அதைத்தான் சொல்ல வருகிறேன். அக்கா பிரதியில் நான் பழைய படத்தையே போட்டேன். அக்காளும் மகளும், நெட்டி முறிப்பும் சிரிப்பும், உள்ளது உள்ளபடி. ஒரு பக்கம்தான் வித்தியாசம், மற்றதெல்லாம் ஒன்றுபோல. அது அங்கே தென்காசிப் பக்கம் இருக்கும், இது இங்கே சங்கரன்கோவிலில் இருக்கும். இரண்டு வீட்டுக்கும் மனசு நிறையும். இதைவிட ஒருத்தன் எப்படி நல்லது பண்ண முடியும், சொல்லுங்கள்? என் வீட்டுக்காரி அப்போதே, "ரெண்டும் ஒரே எடத்துல கூடுச்சுன்னா?" என்றாள். ஆல்பம் என்ன ஆடா மாடா, கூடுவதற்கு என்று கேட்டேன்.

அக்கா அந்த ஆல்பத்தை வைத்திருந்த வைப்பு! பட்டுத்துணியில் சுற்றி, பீரோவுக்குள்ளே. ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிற பெண்களுக்கெல்லாம் கையைத் துடைத்துவிட்டுக் காட்டுவாள். முதல் பக்கத்தைத் திறந்து, "இந்தா, நான் நிக்கேன் பாரு" என்பாள். அவ்வளவுதான். மற்ற பக்கங்களை அவர்களே புரட்டிக்கொள்ள வேண்டும்.

கழுகுமலை வந்துவிட்டதா? இன்னும் இல்லையா. சரி.

ஐப்பசியில் கோமதிக்கு வளைகாப்பு. மாப்பிள்ளை வீட்டில் வைத்து. நாங்கள் சோறு வகையெல்லாம் கட்டிக்கொண்டு வேன் பிடித்துப் போனோம். வேனில் ஏறும்போதே அக்கா மடியில் அந்தப் பட்டுத்துணி மூட்டை. "அதை எதுக்கு எடுத்துட்டு வாரே?" என்று கேட்டேன். "நம்ம கடையநல்லூர்ச் சித்தியெல்லாம் கல்யாணத்துக்கு வரலல்லா. அங்க வருவாக. காட்டணும்" என்றாள். பிடுங்கி வைக்க முடியுமா? என்னவென்று சொல்லிப் பிடுங்குவது? அங்கே போனதும் எப்படியாவது வாங்கி வேனிலேயே வைத்துவிடலாம் என்று நினைத்தேன். போனதும் சீர்த்தட்டு இறக்குகிற அவசரம், மறந்துபோனேன். மறந்தது குற்றமா?

வளையல் போட்டு முடிந்தது. அக்கா போடவில்லை, என் வீட்டுக்காரிதான் முதலில் போட்டாள். கோமதி கன்னமெல்லாம் சந்தனம், முழங்கை வரை வளையல், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பெண்கள் பாயில் உட்கார்ந்து ஆல்பம் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டு ஆல்பம். அந்தப் பெண்களில் ஒரு கிழவி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏ செண்பகம், ஒனக்கு மூக்குத்தி வலப்பக்கம்லா? இதுல என்ன எடப்பக்கம் இருக்கு?"

அண்ணாச்சி, எனக்கு உயிர் போய்விட்டது. முகத்தைத் திருப்பிப் போட்டேன் இல்லையா? மூக்குத்தியும் சேர்ந்து திரும்பியிருக்கிறது. சேலைத் தலைப்பைப் பார்த்தேன், கைவளையலைப் பார்த்தேன், நிழலைப் பார்த்தேன், மூக்கை மட்டும் பார்க்கவில்லை. ஒரு பொட்டு. கடுகு அளவு. அதை வலது பக்கம் எடுத்து வைத்திருந்தால் இன்றைக்கு நான் இந்த பஸ்ஸில் வர வேண்டியதே இல்லை.

வாயாடித் தங்கச்சி சும்மா இருக்கவில்லை. "எங்கம்மா கல்யாணத்தன்னிக்கு இன்னொரு மூக்கு வாங்கிப் போட்டிருந்தா பாட்டி" என்றாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். இன்னொருத்தி, "போட்டா தப்பா விழுந்திருக்கும்ட்டி. பொண்ணு வீட்டு ஆல்பத்துல பாரு, எப்படி இருக்குன்னு" என்றாள். கடையநல்லூர்ச் சித்தி கையில் இருந்தது அது. கைமாறிக் கைமாறி வந்தது. இரண்டையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தார்கள்.

அதே மேடை. அதே வாழைமரம். அதே சிரிப்பு. இதில் செண்பகவல்லி, அதில் எங்கள் அக்கா.

சிரிப்புச் சத்தம் எப்படி நின்றது தெரியுமா? மிக்ஸி நிற்கிற மாதிரி. கிழவிக்குத்தான் விளங்கவில்லை. "இது யாரு, பொண்ணோட அம்மையா? இவ எதுக்குத் தாலி கட்டுன அன்னைக்கு மேடையில நிக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். யாரோ அவளை இடித்தார்கள். சம்பந்தியம்மாள் என்னைப் பார்த்தாள். கோமதி என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னை ஏன் பார்க்க வேண்டும்? நானாகச் செய்தேனா?

அக்கா குனிந்து இரண்டையும் பார்த்தாள். ரொம்ப நேரமில்லை. நிமிர்ந்து சிரித்தாள். "ஏன் எல்லாரும் இப்படி முழிக்கிய? நாந்தான் தம்பிகிட்ட சொன்னேன். மொதப் பக்கத்துல மாமியாதான் நிக்கணும், அதான் லட்சணம், என்னை எடுத்துருன்னு. இந்தப் பய எனக்குத் தெரியாம என் ஆல்பத்துல மட்டும் பழசைப் போட்டுட்டான். ஏலே, ஒரு மூக்குத்தியை ஒழுங்கா வைக்கத் தெரியல, நீயெல்லாம் ஒரு ஆல்பக்காரன்!"

உடனே எல்லாருக்கும் மூச்சு வந்துவிட்டது. சம்பந்தியம்மாள் ஓடிவந்து, "மதினி மனசு யாருக்கு வரும்" என்று அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். புளியோதரை போட்டார்கள், தேங்காய்ச் சாதம் போட்டார்கள். நானும் சாப்பிட்டேன். சாப்பிடாமல் எழுந்தால் நன்றாக இருக்காது.

திரும்பி வரும்போது வேனில் அக்கா என்னைத் திட்டவே இல்லை. திட்டினால் தாங்கிக்கொள்வேன் அண்ணாச்சி. வழியில் இறங்கிக்கொள்ள எங்கள் வேனிலேயே ஏறிய கடையநல்லூர்ச் சித்தியோடு பின் சீட்டில் ரவிக்கை அளவு பேசிக்கொண்டு வந்தாள். இறங்கும்போது நானே, "யக்கா, அவுக கேட்டாக..." என்று ஆரம்பித்தேன். "தெரியும்ல. போ, போயித் தூங்கு. கண்ணெல்லாம் செவந்து கெடக்கு" என்றாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அடுத்த வாரம் கோமதிக்குப் பிரஷர் ஏறிவிட்டது. கால் வீங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இப்போது பரவாயில்லை, அக்கா வீட்டில்தான் இருக்கிறாள், உப்பில்லாமல் சாப்பிடுகிறாள். ஆனால் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அக்கா எனக்குப் போன் பண்ணினாள்.

"தம்பி, எங்கிட்ட உள்ள ஆல்பத்துலயும் அதே மாதிரி மாத்திரு."

"எதுக்குக்கா?"

"நான் அன்னைக்கு மேடையில ஏறியிருக்கக் கூடாதுடா. அந்தக் கிழவி கேட்டது சரிதான். புள்ளை கூப்பிட்டான்னு ஏறிட்டேன். அதான் இப்படிப் படுத்துது."

"அக்கா, அதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்? டாக்டர் பிரஷர்ங்காரு."

"நீயும் எடுத்தேல்லா? ஒண்ணுமில்லைன்னா நீ ஏன் எடுத்தே?"

சண்டைக்காகக் கேட்கவில்லை அண்ணாச்சி. தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் என்ன சொல்ல? அவர்கள் சொன்னார்கள், எடுத்தேன் என்று சொல்லவா? எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லவா? நம்பிக்கை இல்லாதவனா அவ்வளவு சுத்தமாக, சேலை ஓரம்கூடத் தெரியாமல் எடுப்பான்? அதற்குள் அவளே, "புள்ளை நல்லபடியாப் பொறக்கட்டும். அதுக்கு முன்னாடி மாத்திக் கொண்டாந்திரு. கம்ப்யூட்டர்ல கெடந்தாலும் அழிச்சிரு" என்றாள்.

ஆல்பத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிரித்து மாற்ற முடியாது. மொத்தமாகப் புதுசு போட வேண்டும். அதற்கு நான் செய்ய வேண்டிய வேலை ஒன்றுமே இல்லை, அதுதான் வேடிக்கை. அந்த வீட்டு ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது. அதையே பிரிண்டுக்கு அனுப்பினால் போதும். மூக்குத்தியை மட்டும் வலப்பக்கம் மாற்றினேன். இப்போது யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

மேலே, அந்தப் பைக்குள் இருப்பது அதுதான். பழசை என்ன பண்ணப் போகிறாய் என்று நான் அக்காவிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கிளம்பும்போது போன் பண்ணினேன். "மத்தியானம் சாப்பிடுற மாதிரி வா, ஒனக்குப் பிடிச்ச சுண்டவத்தக் கொழம்பு வைக்கேன்" என்கிறாள். எனக்கு அந்த வீட்டு வாசலில் எப்படிக் கால் வைப்பது என்று தெரியவில்லை. போகாமலும் இருக்க முடியாது. சொல்லுங்கள், உங்கள் தம்பி இப்படிச் செய்திருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? வேண்டாம், சொல்லாதீர்கள்.

அண்ணாச்சி நீங்கள் ராஜபாளையம் போகிறவர் இல்லையா? எங்கள் ஆட்கள் யாரையும் தெரியாதே? செண்பகவல்லி, மகாராஜன், தென்காசிப் பக்கம்... தெரியாது. நல்லது.

அக்காவிடம் அழித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அழிக்கப் போனேன். கம்ப்யூட்டர் 'நிச்சயமாகவா' என்று கேட்கும். கேட்டது. செல்லுக்கு ஒன்று ஏற்றிவைத்துக்கொண்டுதான் ஆமாம் என்று அழுத்தினேன். வீட்டுக்காரியிடம் காட்ட முடியாது, அவள் அக்காவிடம் சொல்லிவிடுவாள். கோமதியிடம் காட்டவே முடியாது. சொந்தத்தில் ஒருத்தரிடமும் காட்ட முடியாத போட்டோ. நானே எத்தனை தடவைதான் பார்ப்பது?

இந்தச் செல்லைக் கொஞ்சம் பிடியுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அவசரமில்லை. நடுவில் நிற்பது கோமதி. அவள் பார்க்கிற பக்கம் பாருங்கள், நெற்றிப்பொட்டில் கையை வைத்துக்கொண்டு, சாம்பல் நிறச் சேலை, இடுப்பில் கரண்டியைச் செருகியிருக்கிறாள், அதைக்கூட எடுத்துவைக்கத் தோன்றவில்லை அவளுக்கு. இதுதான் எங்கள் அக்கா. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளி புள்ளியாக உடையாது. நான் இதில் எதையும் தொடவில்லை.